பாப்பா தானாகத்தான் ஏறினாள்

அன்புள்ள பெரியவளுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டு, பசித்தால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், இப்போது நினைத்தால் கொஞ்சம் நிம்மதி தருகிற விஷயம் அது ஒன்றுதான். குழந்தைக்கு இருமல் விடவில்லை என்று எழுதியிருந்தாய், ஜன்னலைச் சாத்திச் சாத்தி வைக்காதே, காற்று வரட்டும், உனக்கும் அந்த வயதில் இதே இருமல்தான். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, வீட்டுக்காரர் நாளைக்கு நாளைக்கு என்று ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் எழுதி நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமை உன் தம்பியின் அப்பீலைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். நாலு நிமிஷம்கூட ஆகவில்லை, நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள், ஆயுள் தண்டனை ஆயுள் தண்டனைதான். அன்றைக்கு நீ போன் செய்தபோது அம்மாவை எடுக்கச் சொல்லிவிட்டு நான் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டேன், அவள் பாவம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். நகையை விற்றுப் பெரிய வக்கீலாக வைக்கலாம் என்று எழுதியிருந்தாயே, வேண்டாம் அம்மா, இனிமேல் தட்டுவதற்குக் கதவு இல்லை என்று நம் வக்கீலே கையை விரித்துவிட்டார்.

போன கடிதத்தில் நேராகவே கேட்டுவிட்டாய், கோர்ட்டில் நீங்கள் சொன்னது நிஜமா அப்பா, நிஜம் என்றால் முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று. கோபமாகத்தான் கேட்டிருந்தாய், கேட்க வேண்டிய கேள்விதான், இரண்டு மாதமாகப் பதில் எழுதாமல் ஒளிந்துகொண்டிருந்தது நான்தான். மருந்துக் கம்பெனி முதலாளி வீட்டில் இருபத்து மூன்று வருஷம் கார் ஓட்டினேன், அவர் மகளைப் பாப்பா என்றே கூப்பிட்டுப் பழக்கம், கல்லூரிக்குப் போனபிறகும் எனக்கு அவள் பாப்பாதான், இதெல்லாம் உனக்குத் தெரியும். கல்லூரி சேர்ந்த இரண்டாவது மாதம் ஒரு நாள், அங்கிள், வாசல்ல இறக்கிவிடாதீங்க, எல்லாரும் காரையே பாக்கறாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு என்றாள். முதலாளியோ வாசலில் இறக்கி, அவள் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்ப வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் பாப்பா பேச்சைக் கேட்டு இரண்டு தெரு முன்னாலேயே நிறுத்த ஆரம்பித்தேன். எந்த முனையில் நிறுத்துவது என்று பார்த்து வைத்தது நானேதான், அங்கேதான் உன் தம்பி வேலை பார்த்த அச்சகம் இருந்தது, போகிறபோக்கில் அவன் முகத்தையும் பார்த்துவிடலாமே என்று ஓர் ஆசை. பாப்பா பின் சீட்டிலேயே நல்ல செருப்பைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பை மாட்டிக்கொள்வாள், நல்லது சாயங்காலம் வரை என் சீட்டுக்கு அடியில் கிடக்கும், ஏழையாக அவளுக்கு அரை நிமிஷம் போதும் என்று வீட்டில் சொல்லி நான் சிரித்தேன். உன் தம்பிக்கு, நம் மந்திரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஸ்டூல் மேல் ஏறிப் பிரசங்கம் செய்கிறான் என்று நீ அவனுக்கு வைத்த பெயர், இன்றைக்கும் எனக்கு அதுதான் வாயில் வருகிறது. கொஞ்ச நாளில் பாப்பா அச்சகத்துக்குள்ளேயே போய் நிற்க ஆரம்பித்தாள். முன்னறையில் விசிட்டிங் கார்டு அடித்தார்கள், பின்னறையில் முதலாளிகளிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்க வேண்டும் என்று துண்டுப் பிரசுரம் அடித்தார்கள், அதை நான் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அப்போது நான் நினைத்தது வேறு, காதல் என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, நாளைக்கு முதலாளி எனக்குச் சம்பந்தி ஆனால் காரை யார் ஓட்டுவது என்று உன் அம்மாவிடம் கேலி பேசினேன். கண்டும் காணாமல் இருந்துவிட்டேன்.

அந்த நாள் காலையில் அச்சகத்துக்கு எதிரே ஒரு பச்சை வேன் நின்றது. பாப்பா இறங்கி, யாராவது கேட்டா வாசல்லதான் விட்டேன்னு சொல்லுங்க அங்கிள் என்றாள், அது தினமும் சொல்வதுதான். நான் வண்டியைத் திருப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். உன் தம்பி வேனின் பக்கக் கதவைத் திறந்து பிடித்தான், அவள் முதலில் புத்தகப் பையை உள்ளே கொடுத்தாள், பிறகு தானாக ஏறி உட்கார்ந்தாள். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவள் ஏதோ சொல்ல அவன் சிரித்தான். கதவு சாத்தினபிறகு உள்ளே என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது, பார்த்த வரைக்கும்தான் சொல்ல முடியும். சாயங்காலம் பாப்பா வரவில்லை. முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் முதலாளி, எங்கே இறக்கிவிட்டாய் என்று கேட்டார்கள். சிநேகிதர்களோடு எங்கேயோ ஊர் சுற்றப் போயிருக்கிறாள், இருட்டுவதற்குள் வந்துவிடுவாள், அவளைக் காட்டிக்கொடுத்து என் வேலையையும் ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வாசலில்தான் இறக்கினேன், உள்ளே போவதைப் பார்த்தேன் என்றேன். எழுதினார், படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷமாகச் சொல்லிப் பழகின பொய், நாக்குக் குழறவே இல்லை.

மூன்றாம் நாள் முதலாளி வீட்டுக்கு ஒரு கேசட் வந்தது, பாப்பாவைக் கடத்திவிட்டோம், கம்பெனி ஒரு மாதம் ஏழைகளுக்கு மருந்தைச் சும்மா கொடுத்தால்தான் அவள் உயிரோடு திரும்புவாள் என்று. பேசின குரலை யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அப்போதாவது போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொன்னால் போலீஸ் நேராக அந்த முனைக்கும் அச்சகத்துக்கும் போய் நிற்குமே என்று வாயை மூடிக்கொண்டேன். முதல் தடவை வாயை மூடினது அவளுக்காக, இரண்டாம் தடவை நம் பையனுக்காக. முதலாளி மருந்து கொடுத்தார், லாரியிலிருந்து அட்டைப்பெட்டிகளைத் தூக்கித் தூக்கி எறிந்தார்கள், விஷயம் ஒன்றும் தெரியாத உன் அம்மா ரத்த அழுத்த மாத்திரைக்காக நாலு மணி நேரம் வரிசையில் நின்று, மிதிபட்டு, குழந்தைகளுக்கான இருமல் மருந்து இரண்டு பாட்டிலோடு வந்தாள். மகன் நடத்திய புரட்சியில் நம் வீட்டுக்கு வந்தது அவ்வளவுதான். அதன்பிறகு பாப்பாவே கேசட்டில் பேசினாள், அப்பா ரத்தம் குடிக்கிறவர், நான் இவர்களோடுதான் இருப்பேன் என்று, வங்கிக் கொள்ளையில் அவள் துப்பாக்கியோடு நின்ற படம் உங்கள் ஊர்ப் பேப்பரிலும் வந்ததே. பதினாலு மாதம் கழித்து ஒரே வாடகை அறையில் எல்லோரையும் பிடித்தார்கள். வங்கிக்கு மட்டும் என்றால் உன் தம்பி ஏழெட்டு வருஷத்தில் வெளியே வந்திருப்பான், ஆயுள் தண்டனை பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனதற்கு. கோர்ட்டில் அவள், வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனார்கள் என்றாள். மூன்று பெரிய டாக்டர்கள் வந்து, பயத்தில் மனசு எப்படி மாறிப்போகும் என்று ஒரு வாரம் விளக்கினார்கள். நம் பையன் மனசு எப்படி மாறியது என்று ஒரு கம்பவுண்டர்கூட வந்து சொல்லவில்லை, அவளுக்கு மாறினால் வியாதி, இவனுக்கு மாறினால் குற்றம். நான் கூண்டில் ஏறி, பாப்பா தானாகத்தான் ஏறினாள் என்று கண்ணாடியில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். எதிர்த் தரப்பு வக்கீல் என்னைத் திட்டக்கூட இல்லை, என் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளை என் கையிலேயே கொடுத்து, சத்தமாகப் படியுங்க பெரியவரே என்றார். படித்தேன். அன்னிக்குச் சொன்னது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா என்று கேட்டார். அன்றைக்குச் சொன்னதுதான் பொய் என்றேன். அப்படின்னா பொய்க் கையெழுத்துப் போடறவர்தானே நீங்க என்றார். ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. முதலாளி என்னை வேலையைவிட்டு எடுக்கவில்லை, தகப்பனாகப் பேசிவிட்டான் போகட்டும் என்று வீட்டுக் காரிலிருந்து மாற்றிக் கம்பெனி மருந்து வேனுக்குப் போட்டார், அந்தப் பெருந்தன்மையில்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். வங்கி கேஸில் பாப்பாவுக்கு இரண்டு வருஷம் போட்டு, உடம்பு சரியில்லை என்று பதினோராம் மாதமே விட்டுவிட்டார்கள். ஜெயில் முன்வாசலில் பத்திரிகைக்காரர்கள் வீட்டுக் காருக்காகக் காத்திருப்பார்கள் என்று மேனேஜர் மருந்து வேனைப் பின்வாசலுக்கு அனுப்பினார், அவர்கள் வீட்டுக்கு வழி கேட்காமல் ஓட்டத் தெரிந்தவன் நான்தானே. மாட்டேன் என்றிருக்கலாம், ஆனால் எனக்கு அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. பாதி உடம்பாக இளைத்து முன் சீட்டில் உட்கார்ந்தாள், ரயில்வே கேட் போட்டிருந்தது, சரக்கு ரயில் முடிகிற வழியாக இல்லை. நீ தானா ஏறினதை நான் பாத்தேனே பாப்பா என்றேன். உடனே சொல்லிவிட்டாள், ஆமா அங்கிள், நானாத்தான் ஏறினேன், ஏதோ கூட்டத்துக்குப் போறோம்னுதான் நினைச்சேன். அதன்பிறகு பதினாறு நாள் ஜன்னல் இல்லாத அறையில் பூட்டி வைத்தார்களாம், அதுவும் நிஜம் அங்கிள் என்றாள், கதவைத் திறந்துவிடச் சொல்லி மற்றவர்களோடு சண்டை போட்டது உங்க பையன் மட்டும்தான் என்றாள். இதை ஜட்ஜிடம் சொல்லுவாயா என்று கேட்டேன். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், சொன்னா எனக்கும் அதே தண்டனைன்னு வக்கீல் சொல்றார், அப்பா விடமாட்டார் என்று அழ ஆரம்பித்தாள். அவள் அழுததும் எனக்கு இரக்கம் வந்தது, என்மேலேயே எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, அவளைப் பார்த்து இரக்கப்பட நான் யார், உள்ளே கிடப்பது என் பிள்ளை. கேட்டைத் திறந்துவிட்டார்கள், பின்னால் ஹாரன் அடித்தார்கள், வண்டியை எடுத்தேன். அடுத்த மாதம் படிக்க வெளிநாடு போகிறாளாம். இதையும் போய் ஜட்ஜிடம் சொல்லலாமே என்று நீ நினைப்பாய், வக்கீலிடம் சொல்லிப் பார்த்தேன், உங்க வார்த்தையை வச்சு மறுபடி என்ன பண்றது என்று மெதுவாகத்தான் கேட்டார், நல்ல மனுஷர்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை உன் தம்பியைப் பார்க்கிறேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததும் அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பதில்லை, பாப்பா பேசிட்டாளாப்பா என்றுதான் கேட்கிறான். அவ எங்க ஆள், பயத்துல அப்படிச் சொல்லிட்டா, வெளிய வந்துட்டாளே, இனிமே உண்மையைச் சொல்லுவா, பாருங்க என்கிறான். உலகத்தில் பணக்காரர் ஒருவரையும் நம்பாத பிள்ளை அவள் ஒருத்தியை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை, அவள் கடிதம் எழுதுகிறாளாம், ஜெயிலில்தான் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். அப்படித்தான் இருக்கும், திருட்டுப் பசங்க என்று ஜெயில்காரர்களைத் திட்டிவிட்டுச் சந்தோஷமாக உள்ளே போனான், அன்றைக்குத் தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டானாம், வார்டர் சொன்னார்.

நீ வர வேண்டாம், வந்து பார்த்துத் திரும்பிப் போவது உனக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம். குழந்தையைப் பார்த்துக்கொள், மாப்பிள்ளையிடம் இதற்காக முகத்தைக் காட்டாதே, அவர் என்ன செய்வார். மூவரும் ஒரு குறையும் இல்லாமல், நீண்ட ஆயுளோடு, எங்களுக்கும் சேர்த்து நன்றாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தம்பிக்குக் கடிதம் போடும்போது அவள் வெளிநாடு போகிற பேச்சே வேண்டாம், அவன் கேட்டால் அவள் எழுதுகிறாளாம், உள்ளேதான் விடவில்லை என்றே எழுது, நான் சொன்னது மாதிரியே, ஒரு வார்த்தை மாறாமல். போன தடவை நான் ஒருவனே இரண்டு விதமாகச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா