கிளிபோட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடம்

2009 பெப்ரவரி 11

பலெர்மோவிலிருந்து றஜிதா கனடாவுக்குப் போன் எடுத்தாள். தங்கச்சிமார் அக்காமாரின் தலையைத் தின்னத்தான் பிறக்கிறார்களோ! அவளுடைய பதினாலு வயது மகன் கிளிபோட், சண்டை நடக்கிற வன்னிக்குள் அவளின் மாமனாரோடு அகப்பட்டுக் கிடக்கிறான். இத்தாலி விசா கிடைத்தும் பிள்ளையை வெளியே எடுக்க வழியில்லை. மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. இவள் என்னிடம் கேட்பது, அவனை எந்தப் பள்ளிக்கூடத்தில் போடலாம் என்று.

அங்கே எட்டு வருடம் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்களாம். பதினாலு வயதில் பிரித்துவிடுவார்களாம். பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கு லிசேயோ. கணக்கியல், இயந்திரம் என்றால் தொழில்நுட்பப் பள்ளி. சமையல், ஹோட்டல், வயரிங் என்று கைவேலைக்கு இன்னொன்று. ஐந்து வருடம், கடைசியில் ஒரு பெரிய சோதனை. இந்த மாதம் முடியமுன் பெயர் கொடுக்க வேண்டுமாம்.

"முதல்லை பிள்ளை வரட்டும்" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பெப்ரவரி 14

வேலைக்குப் போனேன், வந்தேன். செய்தி பார்க்கப் பயம்.

பெப்ரவரி 26

பெயர் கொடுத்துவிட்டாளாம்! பாஷை தெரியாத பிள்ளைக்கு ஹோட்டல் பள்ளிதான் சரி என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். இவள் விடவில்லை. தான் கூட்டித் துடைக்கிற வீட்டு ரீச்சரை அழைத்துக்கொண்டு போய், விஞ்ஞான லிசேயோவில் பதிந்திருக்கிறாள்.

"இஞ்சை எங்கட பிள்ளையளை எல்லாம் அங்கைதான் தள்ளுகினம், அக்கா. நான் அவையின்ரை வீடு கூட்டுறன். அவன் அவைக்குச் சாப்பாடு பரிமாறவோ? டொக்டருக்குப் படிப்பன் எண்டவன்."

"உனக்கென்ன விசரே?"

"பேர் இருந்தால் அவன் வந்துதானே ஆகவேணும்."

 

ஏப்ரல் 29

சண்டையை நிறுத்தச் சொல்லி யூனிவர்சிற்றி அவெனியூவில் கொடியோடு நிற்கிறோம். அந்தச் சனத்துக்குள் றஜிதாவின் போன். லிசேயோவில் லத்தீன் உள்ள பிரிவு, இல்லாத பிரிவு என்று இரண்டாம். டொக்டராக எது நல்லது?

எனக்கு வந்ததே கோபம்! "பிள்ளை ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடக்குது, உனக்கு லத்தீனோ?" என்று கத்தினேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பங்கரை நினைச்சால் நான் செத்துப்போவன், அக்கா" என்றாள்.

லத்தீன் உள்ளதே நல்லது என்றேன். எனக்கு என்ன தெரியும்?

மே 10

அன்னையர் தினம். கார்டினர் பெருந்தெருவில் ஏறி வாகனங்களை மறித்தோம். குளிர்.

மே 19

நேற்றோடு சண்டை முடிந்துவிட்டதாம். இக்னேசியஸ் ரீவியை நிறுத்தவில்லை, சத்தத்தை மட்டும் குறைத்தார். இருபது வருடம் கட்டி வாழ்ந்த மனுசன், இன்றைக்குத்தான் அவர் அழக் கண்டேன்.

ஜூன் 7

அகதி முகாமிலிருந்து எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி போன் எடுத்தாள். ஒரே ஷெல்லில் தாத்தாவும் பேரனும். மே பதினாலாம் திகதி. முடிவதற்கு நாலே நாள் — நாலு நாள், கர்த்தரே! மண் போட்டு மூட நேரமில்லாமல் விட்டிட்டு ஓடினவையாம்.

நான்தான் றஜிதாவுக்குச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எழுத முடியவில்லை. "ரெண்டு பேருமோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூலை 5

மாதா கோவிலில் பூசை ஒப்புக்கொடுத்தோம். கிளிபோட்டின் பெயரைப் பூசை வைத்த சுவாமி பிழையாக வாசித்தார்.

செப்டெம்பர் 3

றஜிதா எடுத்தாள். பெயரை வெட்டச் சொல்லி லிசேயோவுக்குப் போனாளாம். பதினாறு வயதுவரை படிப்புக் கட்டாயம், சும்மா வெட்ட முடியாது என்றாளாம் அங்கே பதிவு எழுதும் கந்தோர்ப் பெண். எந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறுகிறான் என்று எழுத வேண்டுமாம்.

"செத்துப்போனான் எண்டுறதுக்கு எனக்கு இத்தாலியன் தெரியும், அக்கா. வாய் வரேல்லை. கனடாவுக்குப் போறான், பெரியம்மாவிட்டை எண்டிட்டன். பள்ளிக்கூடத்தின்ரை பேர் கேட்டவள். நீங்கள் பஸ் எடுக்கிற இடத்திலை ஒண்டு இருக்குதெல்லே, அதைச் சொன்னன். பிழையோ?"

வேறு நாளென்றால் ஏசியிருப்பேன்.

"நல்ல பள்ளிக்கூடம்" என்றேன். "இஞ்சை பதினாலு வயசிலை ஆரையும் பிரிச்சு வேறை வேறை கட்டிடத்துக்கு அனுப்பமாட்டினம்."

செப்டெம்பர் 8

பள்ளிக்கூடம் திறந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போனார்கள். என் பஸ் வந்தது, ஏறவில்லை. மணியடித்துக் கதவு சாத்திய பிறகும் நின்றேன்.

போன் அடித்தது. றஜிதா.

"திறந்திட்டினமோ, அக்கா?"

"ஓம். எல்லாரும் உள்ளை போயிட்டினம்."