இருட்டாக்கின அறை

செவ்வாய்க்கிழமை, இரவு

என் மனுசனைக் கொழும்பிலிருந்து எங்கள் கீரிக் கிராமத்துக்குக் கூட்டி வந்தது நேற்று. வயதாகி நடுப்பார்வை மங்கிய கண்ணுக்கு அங்கே வைத்தியம். கை நரம்பில் மருந்து ஏற்றி, அது கண்ணில் வேலை செய்ய ஒளி பாய்ச்சினார்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் பட்டால் தோல் வெந்துவிடுமாம்.

நான் பயந்து, சின்னமுத்து அம்மை வந்த பிள்ளையை இருட்டில் கிடத்துவதுபோல அறையை அடைத்தேன். யன்னலுக்கு வள்ளத்தை மூடும் படங்கைக் கட்டினேன். லைற்றையும் மாதா படத்தடி மெழுகுதிரியையும் அணைத்தேன்.

இன்று பின்னேரம் கிளினிக்கிலிருந்து தாதி போன் எடுத்தார். செய்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"ஐயோ அம்மா, வெயில்தான் கூடாது. வீட்டு வெளிச்சம் வேணும். அது பட்டால்தான் தோலில இருக்கிற மருந்து கெதியாப் போகும்."

ஓடிப்போய் லைற்றைப் போட்டேன். மனுசன் சுவரைத் தடவியபடி நின்றார். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"இவ்வளவு இருட்டு என்னத்துக்கெண்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கத்தான் நினைச்சனான். பிறகு, மருந்து சரிவராட்டி இப்பிடித்தானே இருக்கவேணும், பழகிப் பாப்பமெண்டு விட்டிட்டன். இப்ப கட்டிலிலயிருந்து கதவு மட்டும் தட்டுப்படாமல் போவன்."

அவர் நித்திரையாகிவிட்டார். லைற்றை நான் இன்னும் அணைக்கவில்லை.