கேட்காத கடியாரம்

ஆவடி,
1946 மாசி.

தாட்சாயிணிக்கு,

உங்கம்மா ஊட்ல எல்லாரும் சௌக்கியமா? இங்க நல்ல சேதி. இன்னிக்கு மெடிக்கல் போர்டு முடிஞ்சது, எனக்குப் பென்ஷன் உண்டு.

மொதல்ல நானே கெடுத்துக்கப் பார்த்தேன். டாக்டர் "எப்படி இருக்கே?"ன்னதும், அஞ்சு வருஷப் பட்டாளத்துப் பழக்கம், வெறைப்பா நின்னு "நல்லாருக்கேன் ஐயா!"ன்னு கத்திட்டேன். அவரும் அப்படியே எழுதிக்கினார். சல்யூட் அடிச்சுட்டு நடந்தேன். என்னோட பீரங்கி இழுத்த கோதண்டம் ஓடிவந்து தோளைப் புடிச்சான். "இன்னா மச்சான், டாக்டர் கூப்ட்டுகினே கீறாரு, நீ பாட்டுக்குப் போறியே?"

திரும்பிப் போனதும் டாக்டர் தன் கடியாரத்தை என் இடது காதுல வெச்சார். நின்னுபோன கடியாரம்னு நெனைச்சேன். வலது காதுக்கு மாத்தினார். லேசா ஓடிச்சு. 'பர்மா சண்டையில் பீரங்கிச் சத்தத்தால் இடது காது முழுசும், வலது காது பாதியும் போனது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய பாரம் எறங்கின மாதிரி கீது.

காது மேல சந்தேகம் எனக்கு முன்னமே உண்டு. உன்கிட்ட சொல்லத்தான் வெக்கம்.

நீ கோச்சுக்கினு போன அன்னிக்கு, மூணு தரம் கூப்ட்டும் நான் திரும்பலைன்னு அழுதே. அதுல ஒண்ணுகூட எனக்குக் கேக்கலை.

ஞாயித்துக்கிழமை வேப்பம்பட்டு ஸ்டேஷனுக்கு வரேன். வலது பக்கமா வந்து கூப்பிடு.

உன் ஊட்டுக்காரன்