வருக்கை வைத்தியரின் வலது கால்

இன்று காலை அச்சுக்குச் செதுக்கும் கட்டையில் படத்தாளை ஒட்டிவிட்டு அதன்மேல் நல்லெண்ணெய் தடவினேன். சோடாக் கடைக்காரர் ஒருவருக்கு லேபிள். இரண்டு சிங்கமும் நடுவில் ஒரு குப்பியும். எண்ணெய் தாளில் ஊறி வாசனை எழும்பியதும் கை நின்றுவிட்டது. குப்புறத்தானே ஒட்டியிருக்கிறேன் என்று மூன்று தடவை பார்த்தேன். ஆறு வருடமாக இப்படித்தான் பார்க்கிறேன். அன்றைக்கு ஒரு தடவை பார்க்கத் துப்பில்லை எனக்கு.

நீ போய் இரண்டு மாதமாகிறது. படிக்க ஆளில்லாத கடுதாசியை எழுதுகிறவனைக் கோட்டிக்காரன் என்றுதான் நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

உன் தொழில் எங்கே ஆரம்பித்தது என்று பட்டணத்துப் பத்திரிகையில் ஒருவர் எழுதியிருந்தார். எல்லாம் தப்பு. அது நம்மூர்த் தாலுகாக் கச்சேரியில் ஆரம்பித்தது. குமாஸ்தா வேலை கிடைத்துப் பதினோரு நாள் ஒழுங்காகப் போனாய். பன்னிரண்டாம் நாள் தாசில்தார் கொட்டாவி விடுவதை ஒரு மனுவின் பின்பக்கத்தில் வரைந்தாய். அந்த மனு அவர் மேசைக்கே போயிற்று. சாயங்காலம் நான் கட்டை செதுக்கிக்கொண்டிருந்த நாகர்கோவில் அச்சாபீசுக்கு வந்து, "ஏலே மக்கா, வேல போச்சு. ஆனா படம் நல்லா இருக்குன்னு அவரே சொன்னாரு கேட்டியா" என்று சிரித்தாய்.

அப்புறம்தான் உன் பேனாவில் வருக்கை வைத்தியர் பிறந்தார். வருக்கைப் பலாப்பழம் மாதிரி வயிறு, அக்குளில் குடை, ஒரு கால் முட்டியில் வளைந்து சாய்ந்து சாய்ந்து ஒரு நடை. நோயாளிக்குப் பத்தியக் கஞ்சி சொல்லிவிட்டு அதைத் தானே குடித்துவிடுவார். பல்வலிக்காரன் வீட்டில் முறுக்கைக் கடித்துத் தன் பல்லை உடைத்துக்கொள்வார். வாரம் ஒரு கதை, நான்கு படம்; கதையும் நீயே, படமும் நீயே. முதல் மூன்றை ஒரு வாரப் பத்திரிகை திருப்பி அனுப்பியது. நாலாவதைப் போட்டார்கள். பிறகு அது இல்லாமல் பத்திரிகை வரவில்லை.

உன் அப்பாவும் வைத்தியர். மூலிகைக்கு மலையேறிப் பாறையில் விழுந்ததில் அவருடைய இடது கால் வளைந்துபோயிருந்தது. ஊர் என்ன பேசும் என்று நான் பயந்தபோது நீ சொன்னாய்: "வேற நடை எனக்கு வரமாட்டேங்கு மக்கா. நடக்கப் படிச்ச நாள்ல இருந்து அவருக்க பின்னாலல்லா நடந்தேன். அதான் காலை மாத்திப்போட்டேன். அவருக்கு எடது, இவனுக்கு வலது. அப்பம் இது வேற ஆளு."

அதை அவரும் ஒப்புக்கொண்டார். கருங்கல் ஊர்ச் சந்தை நாளில் நோயாளிகளை வரிசையில் உட்காரவைத்துக்கொண்டு பத்திரிகையை உரக்க வாசிப்பார். யாராவது வாயைப் பொத்திச் சிரித்தால், "என்னடே இளிக்க? நல்லாப் பாரு, வலது காலு. நான் இல்ல" என்பார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். ஊரே பயப்படுகிற மனிதர் உன் படத்துக்குச் சிரிப்பதை நீ கதவிடுக்கு வழியாகப் பார்ப்பாய். அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

கதைகளைப் புத்தகமாகப் போடலாம் என்று ஆயிற்று. நம் அச்சாபீசிலேயே. அட்டைப் படத்துக்குக் கட்டை நான்தான் செதுக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். அதே மார்கழியில்தான் உன் தங்கைக்கும் எனக்கும் நிச்சயம் ஆகியிருந்தது, தையில் கல்யாணம். என் மூளை கையில் இல்லை. படத்தாளைக் கட்டையில் குப்புற ஒட்டிச் செதுக்கினால்தான் அச்சில் நேராக விழும். மல்லாக்க ஒட்டினால் இடம் வலமாகிவிடும். மெல்லிய தாள், மை இரண்டு பக்கமும் ஊறித் தெரியும். படத்தில் எழுத்தும் கிடையாது, தலைப்பை அச்செழுத்தில் தனியாகக் கோர்ப்பது. நான் மல்லாக்க ஒட்டிவிட்டேன்.

இதுவரை நீ அறிந்தது. அறியாதது ஒன்று இருக்கிறது. முதல் தாள் அச்சாகி வந்தபோதே நான் பார்த்துவிட்டேன். வைத்தியர் இடது காலைச் சாய்த்துக்கொண்டு வருகிறார். பார்த்ததும் திக்கென்றது. சுசீந்திரம் தேருக்குப் புத்தகம் கடைக்குப் போயாக வேண்டும். வேறு கட்டை செதுக்க நேரமில்லை. எந்தக் கால் என்று எவன் பார்க்கப்போகிறான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு, ஓட்டும் ஓய் என்று மிஷின்காரரிடம் சொன்னேன். பிழை வேறு மக்கா, இது வேறு. பிழைக்கு மன்னிப்பு உண்டு.

எவன் பார்க்கப்போகிறான் என்றேன் அல்லவா? கருங்கல் சந்தை முழுக்கப் பார்த்தது. நாலைந்து வெட்டிப்பயல்கள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, உன் அப்பாவைப் போலவே இடது காலைச் சாய்த்து அவர் பின்னால் நடந்திருக்கிறார்கள். "வருக்கை வைத்தியரே, கஞ்சி இருக்கா?" என்று கத்தியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்தபோது நாம் இருவரும் முற்றத்தில் நின்றோம். அவர் கத்தவில்லை. புத்தகத்தை உன் கையில் வைத்து, "எனக்க காலையும் வித்துப்போட்டியா மக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நீ அட்டையைப் பார்த்தாய். அப்போதுதான் பார்க்கிறாய். பிறகு என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். "ஆமாப்பா, வேணும்னுதான் வரைஞ்சேன்" என்றாய்.

வாழைத்தோட்டத்து வரப்பில் என்னை இழுத்துக்கொண்டு போய், "ஒரு வார்த்த பேசப்பிடாது, கேட்டியா? நீதான்னு தெரிஞ்சா கல்யாணம் நடக்காது. அவரை அறியாதா உனக்கு? தங்கச்சி உன்னையே நெனச்சுக்கிட்டு இருக்கா. கல்யாணம் முடியட்டு, பொறவு நானே பதமாச் சொல்லிக்கிடுதேன்" என்றாய். நான் தலையாட்டினேன். பாவி, ஆட்டினேனே!

கல்யாணத்தில் நீதான் பந்தி விசாரித்தாய். உன் அப்பா உன்னைக் கடந்து போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்; நீ சொல்ல வந்ததைக் கேட்க நிற்கவில்லை. அந்த வாரமே பட்டணத்துக்குப் புறப்பட்டாய். ஆரல்வாய்மொழி வரை பஸ்ஸில் கூட வந்தேன். அங்கே அடித்த காற்றில் நீ என்னவோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம்.

பட்டணத்தில் நீ பெரிய ஆளானாய். எத்தனை புத்தகங்கள்! எந்த நகைச்சுவைப் புத்தகம் வந்தாலும் படத்துக்கு உன்னைத் தேடினார்கள். ஆனால் வருக்கை வைத்தியர் அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாட்டுவண்டியில் உட்கார்ந்திருப்பார், பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், வள்ளத்தில் உட்கார்ந்தபடி நோயாளியை அதட்டுவார். சோம்பேறி வைத்தியர் என்று ஜனங்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு கடுதாசியில் எழுதினாய்: "அவனை எழுப்பி நிறுத்தினா எந்தக் காலைச் சாய்க்கன்னு கை ஓடமாட்டேங்கு மாப்பிள்ளே." எல்லாக் கடுதாசியின் கடைசியிலும் ஒரே கேள்வி: "அப்பா என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?"

கேட்கவில்லை என்று எழுதினேன். வாயைத் திறந்து அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு வருடம் இருந்தது. முதல் பிள்ளை பிறக்கட்டும் என்றேன். பிறந்தது. இரண்டாவது வயிற்றில் இருக்கிறது, இப்போது வேண்டாம் என்றேன். ஒரு கோழை தள்ளிப்போடுவதற்குக் காரணத்துக்கா பஞ்சம்? அப்படியிருக்கும்போது ஐப்பசியில் தந்தி வந்தது. காய்ச்சல் என்று படுத்த நீ ஐந்தாம் நாள் இல்லை. நாங்கள் பட்டணம் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை மக்கா.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு உன் அப்பாவின் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்: குப்புற ஒட்ட வேண்டியதை மல்லாக்க ஒட்டியது, அச்சில் பார்த்தும் விட்டது, நீ பழியை ஏற்றது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர், "அப்பம் அவன் என்னை வரையல்லியா?" என்று கேட்டார்.

"காலு உங்களுக்க காலு இல்ல மாமா. நடை உங்களுக்க நடைதான். வேற நடை அவனுக்கு வரல்லன்னு எங்கிட்ட சொன்னான்."

அவர் எழுந்து சாய்ந்து சாய்ந்து உள்ளே போனார். மருந்துப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டு எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அத்தனையும் உன் வாரப் பத்திரிகைகள். வீட்டுக்குள் அது வரக்கூடாது என்று உத்தரவு போட்ட மனிதர், ஒரு வாரம் விடாமல் வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் உன் பக்கத்தில் மடிக்கப்பட்டிருந்தது.

"ஆறு வருசமாப் பாக்கேன்" என்றார். "ஒரு வாரமாவது இந்த வருக்கை வைத்தியன் எழும்பி நடப்பான், அன்னைக்கு வாடே மக்கான்னு ஒரு கடுதாசி போட்டுருவோம்னு இருந்தேன். அவன் எழும்பல்லியே."

அவர் என் தோளைப் பிடித்து, "எனக்க மககிட்ட இது ஒண்ணும் சொல்லாண்டாம். மாசமா இருக்கா, தாங்கமாட்டா" என்றார். வாசலுக்கு வந்தபோது உன் தங்கை வண்டியருகே நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு, "அப்பா அண்ணனைப் பத்தி ஏதாவது சொன்னாவளா?" என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.