நான்கு வயதின் மொழி

காசாபிளாங்கா
12 மார்ச் 1997

என் அன்பு இஜ்ஜா,

உன் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். என்னை அடியோடு மறந்துவிட்டாய் என்ற கோபத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

என் கணவர் லதீஃபுக்கு மூளையில் ரத்தக் கசிவு. உயிர் தப்பிவிட்டார். ஆனால் அரபி போய்விட்டது, பிரெஞ்சும் போய்விட்டது. கண் விழித்ததிலிருந்து எனக்குப் புரியாத எதையோ பேசுகிறார். "சும்மா உளறுறார்மா" என்கிறார் டாக்டர். எனக்கென்னவோ, கல்லூரி விடுதித் தொலைபேசியில் நீ உன் அம்மாவிடம் பேசுவாயே, அந்த ஓசை போல இருக்கிறது. அறுபதாம் வருஷத்து அகாதிர் பூகம்பத்தில் மீட்கப்பட்டு, நான்கு வயதில் இங்கே தத்து வந்தவர் அவர். அந்த ஊர்ப் பேச்சில் ஒரு சொல்கூடத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லிவந்தார்.

மொழியியல் கற்பிப்பவள் நீ. ஒலிநாடா அனுப்புகிறேன், கேட்டுச் சொல்லடி.

உன் நஸீஹா

அகாதிர்
21 மார்ச்

அன்புள்ள நஸீஹா,

அது உளறல் இல்லை. தெற்கத்தி பெர்பர்களான நாங்கள் வீட்டில் பேசும் தஷெல்ஹீத் மொழி. நாற்பது வயதுக் குரலில் நான்கு வயதுக் குழந்தையின் பேச்சு. பாதியில் நிறுத்திவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

மனசுக்குள் இருக்கும் மொழி சொற்களின் மூட்டை இல்லை, சொற்களைக் கட்டும் வழி. தெரியும் என்று தெரியாமலே அது நமக்குத் தெரியும் என்று முதலாண்டுப் பிள்ளைகளிடம் சொல்வேன். இப்போது அதைச் சொல்லவே பயமாயிருக்கிறது.

அவர் யாருடனோ பேசுகிறார். பேசுகிறார், நிறுத்துகிறார், பதில் கேட்டவர்போல மறுபடி பேசுகிறார். 'நீ' என்று சொல்லும் விதத்திலிருந்து எதிரில் இருப்பது பெண். "அக்கா, கைய விடாத. தூங்கிட்டியா? ஏதாவது பேசு." கடைசியில் நீண்ட மௌனம். இடிபாட்டுக்குள் அவருடன் யாரோ இருந்திருக்கிறாள், நஸீஹா.

அடுத்த வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன்.

இஜ்ஜா

காசாபிளாங்கா
30 ஏப்ரல்

இஜ்ஜா கண்ணே,

நீ வந்துபோனது பெரிய ஆறுதல். 'அதுமிர்' என்று உலகத்தில் இல்லாத ஒரு விலங்கை நீ சொன்னதும், உங்கள் மொழியின் பெண்பால் வழக்கப்படி முன்னும் பின்னும் ஓசை சேர்த்து 'ததுமிர்த்' என்று அதற்கு அவர் ஒரு பெண் துணையைச் செய்து கொடுத்ததும் கண்ணிலேயே நிற்கிறது. நீ சிரிப்பாய் என்று பார்த்தேன், அழுதாய்.

இப்போது அரபி திரும்பிவிட்டது. சூப்பைக் குடித்துவிட்டு "உப்பு கம்மி" என்றார், நான் குதித்தேன். அந்த மொழி விழிப்பில் துளியும் இல்லை. மதியத் தூக்கத்தில் மட்டும் அதில் அந்த அக்காவைக் கூப்பிடுகிறார். எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? பஸ் ஏறும்போது உன் மொழியில் நீ வேண்டாவெறுப்பாக எழுதிக் கொடுத்தாயே, "இங்கதான் இருக்கேன், தூங்கு" என்பதை, நேற்று அவர் காதருகே சொன்னேன். உடம்பு விறைத்தது. தெளிவாக ஏதோ சொன்னார். கேட்ட ஓசையை அப்படியே அரபி எழுத்தில் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நன்றி சொன்னாரா?

நஸீஹா

அகாதிர்
9 மே

நஸீஹா,

நன்றி இல்லை. "நீ யாரு? எங்கக்கா இப்படிப் பேசமாட்டா."

நான் தந்தது என் அம்மா வீட்டு மலைப் பேச்சு. அவள் கடலோரத்துப் பெண். அந்தக் குழந்தைக்கு அது தெரிந்துவிட்டது. இனி அவள் குரலில் பேசாதே. அவர் விழித்திருக்கும்போது, உன் மொழியில், உன் குரலில், அக்கா ஒருத்தி இருந்ததைச் சொல்லிவிடு.

இஜ்ஜா

காசாபிளாங்கா
20 மே

இஜ்ஜா,

சொல்லிவிட்டேன். தேநீரைத் தள்ளி வைத்தார். "எனக்கு யாரும் இல்லன்னுல்ல சொன்னாங்க" என்றார். பிறகு, "அவ பேரு என்ன?"

அன்று நான் காதில் சொன்னதிலிருந்து தூக்கத்திலும் அவளைக் கூப்பிடுவதில்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான். அவருக்கு மிஞ்சியிருந்தவளை நானே துரத்திவிட்டேன்.

நாடாவை முழுக்கக் கேள். எங்காவது அவள் பெயரைச் சொல்லியிருந்தால் எழுது. அக்கா, அக்கா என்று மட்டும்தான் இருக்கிறதென்றால், எழுதாதே. என்னால் அதைப் படிக்க முடியாது.

நஸீஹா

காசாபிளாங்கா
2 செப்டம்பர்

இஜ்ஜா,

கோடை போய்விட்டது. உன்னிடமிருந்து கடிதம் இல்லை. புரிந்துகொண்டேன். உன்மேல் வருத்தம் இல்லை.

லதீஃப் இப்போது தனியாக நடக்கிறார். தினமும் படியிறங்கிக் கதவுவரை போய், "தெற்கேருந்து ஏதாவது வந்துச்சா?" என்று கேட்கிறார்.

"இன்னும் வரல" என்கிறேன்.

நஸீஹா