மதிப்பெண் இல்லாத பட்டியல்

இன்று காலை, நான் பாடம் நடத்தும் கல்லூரியில், எங்கள் துறை நோட்டீஸ் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தார்கள். இன்டர்ன்ஷிப் போகிற மாணவர்களுக்குக் கல்லூரி தரும் உதவித்தொகைக்கு ஆறு பெயர்கள். பசை இன்னும் காயவில்லை. பெயர்களுக்கு எதிரே இன்டர்வியூ மதிப்பெண் இல்லை. உன் ஞாபகம் வந்துவிட்டது.

நாம் படித்தபோதும் இப்படித்தான். மூன்றாம் வருடம் நம் இருவருக்கும் சென்னையில் ஒரே கம்பெனியில் இரண்டு மாதப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. தங்கும் செலவைக் கல்லூரி கொடுத்தால்தான் நீ போக முடியும். உன் அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. எங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடை இருந்தது. படிப்பிலும் நீதான் எனக்கு முன்னால். ஆனால் பட்டியலில் இருந்தது என் பெயர்.

நீ அழவில்லை. நேரே அலுவலகத்துக்குப் போனாய். நானும் பின்னாலேயே வந்தேன். “இன்டர்வியூல யாருக்கு எம்புட்டு மார்க்குன்னு காட்டுங்க சார்” என்றாய்.

கிளார்க் தலை நிமிரவில்லை. “அது கமிட்டி முடிவும்மா. ஃபைல் மேல போயிருச்சு.”

கல்லூரி பஸ்ஸில் என் பக்கம் திரும்பினாய். “ஏட்டி, உங்க வீட்ல யாராச்சும் பேசுனாகளா?”

“சத்தியமா இல்ல” என்றேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மை. வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கலாம். என்ன பதில் வருமோ என்றுதான் கேட்காமல் இருந்தேன் போல.

நான் சென்னைக்குப் போனேன். நீ ஊரிலேயே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பயிற்சியை முடித்தாய். அதற்குப் பிறகும் என்னோடு சிரித்துப் பேசினாய். ஆனால் நான் எதைச் சொன்னாலும், நம்பலாமா என்று ஒரு கணம் யோசிப்பாய். அதை நான் கவனிக்காதது போல இருந்தேன்.

போன வருடம் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டு போய்விட்டது. துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது காரில் அப்பா சொன்னார்: “நல்ல பிள்ள. அந்தச் சென்னை விஷயத்துல நாந்தான் உங்க கமிட்டி சார்ட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சேன். அவ பேரத் தூக்கிருவாகன்னு நெனைக்கலம்மா.”

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

இன்று அந்தப் பட்டியலைக் கிழித்து எடுத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனேன். “மார்க்கோட ஒட்டுங்க சார்.”

“ஏன் மேடம், எங்க மேல சந்தேகமா?”

“ஆமா சார்.”

மதியம் மதிப்பெண்களோடு புதுப் பட்டியல் வந்தது. ஒரு பெயர் மாறியிருந்தது. யாரும் காரணம் சொல்லவில்லை.

அந்தச் சென்னைப் பயிற்சியால்தான் எனக்கு முதல் வேலை கிடைத்தது. அதை வைத்துத்தான் இந்த வேலை. இதில் எவ்வளவு என்னுடையது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னைப் பாராட்டினால், இவரிடம் யார் பேசியிருப்பார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது.