தாத்தா பெயரில் விழுந்த ஓட்டு

அன்புள்ள மகன் ராசுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூன்று ஆடுகளும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் ப்ரியாவும் அவள் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் சௌக்கியமாக இருக்க நம் குலசாமி துணை நிற்க வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் வேலையாக அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போய், நீ உயிரோடு இருக்கிறாய் என்று எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லி வாங்கி அனுப்பு. பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. இங்கே வாக்காளர் பட்டியலில் நீ செத்துப்போய்விட்டாய், அவ்வளவுதான். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நீ கூப்பிட்டால் அப்பா கடையில் வைத்தே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், உப்பு வாங்க வந்த ஆள்கூட ப்ரியாவுக்கு வாந்தி நின்றதா என்று கேட்டுவிட்டுப் போகிறார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மழை பரளச்சி வரைக்கும் வந்து பெய்துவிட்டு நம்மூர் எல்லையோடு திரும்பிவிட்டது. உளுந்து விதைத்தவர்கள் தினமும் காலையில் போய் நிலத்தைப் பார்த்துவிட்டு வந்து நம் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நீ எப்படிச் செத்தாய் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பஞ்சாயத்துத் தேர்தலுக்கு முன்னால் பட்டியல் சரிபார்க்க ஒரு பெண் வீடு வீடாக வந்தாள். தாத்தா காலமாகி இரண்டு வருடம் ஆகப்போகிறது, அவர் பெயரை எடுக்க வேண்டும் என்று அப்பாவிடம் தாளை நீட்டினாள். அதில் அடுத்தடுத்து இரண்டு வரி. தனுஷ்கோடி, தகப்பனார் காசிராஜன், வயது எண்பத்தாறு. தனுஷ்கோடி, தகப்பனார் காசிராஜன், வயது முப்பத்துநாலு. முதல் வரி தாத்தா, இரண்டாவது வரி நீ. தாத்தாவின் அப்பாவும் காசிராஜன், உன் அப்பாவும் காசிராஜன், பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைத்து வைத்து நூறு வருடமாக இரண்டே பெயரில் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் காலம் தள்ளுகிறார்கள். அப்பா அந்த நேரம் மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தார், மூக்குக்கண்ணாடி எங்கேயோ கிடந்தது. அந்தப் பெண் இந்தப் பேரா என்று கேட்க, ஆமாம் என்று உன் பெயர் மேல் கோடு போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். கூடவே தாத்தாவின் இறப்புச் சான்றிதழின் நகலையும் கொடுத்தார். அதில் பெயரும் தகப்பனார் பெயரும் தேதியும் இருக்கிறதே தவிர வயது இல்லை. ஆகக்கூடி காகிதத்தில் இறந்தது நீ, எண்பத்தாறு வயதில் திடமாக இருப்பது தாத்தா. இதில் யார்மேலும் குற்றமில்லை, உன் அப்பாவின் கண்மேல்தான் குற்றம். கண்ணாடி மாற்று மாற்று என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன்.

தேர்தல் அன்றைக்கு நடந்ததுதான் விஷயம். நம் வார்டுக்கு அப்பாவின் பள்ளிக்கூடத்துச் சேக்காளி அழகுராஜா பூட்டுச் சாவி சின்னத்தில் நின்றார். எதிர்த்து நின்றது பிலோமி, ஆட்டோ சின்னம். பிலோமியை உனக்குத் தெரியும், செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், தாத்தா படுக்கையில் கிடந்த நாலு வருடமும் மூத்திரக் குழாய் மாற்ற வந்தவள். அப்பா அழகுராஜாவின் ஏஜெண்டாகப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் பெண்கள் வரிசையில் நின்றேன். வாசலை நெருங்கும்போது உள்ளேயிருந்த அதிகாரி, தனுஷ்கோடி, தகப்பனார் காசிராஜன் என்று சத்தமாக வாசித்தார். தம்பி, அந்த ஒரு நொடி நீதான் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அழகுராஜாவின் மச்சினன் மணிகண்டன் விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

அதிகாரி, வயசு எண்பத்தாறுன்னு போட்டிருக்கே என்று கேட்டார். மணிகண்டன், அது தப்பா விழுந்திருச்சு சார் என்றான். அவன் கையில் தாத்தாவின் வாக்காளர் அட்டை. அதிலுள்ள படம் உனக்கு ஞாபகம் இருக்கும், அதில் தாத்தாவே தாத்தா மாதிரி இருக்க மாட்டார், யாருடைய படம் என்றாலும் நம்பலாம். அதிகாரி ஏஜெண்டுகளைத் திரும்பிப் பார்த்தார். பிலோமியின் ஏஜெண்டு அவள் மகன் நவீன், மதுரையில் விடுதியில் வளர்ந்த பையன், ஊரில் பாதிப்பேர் முகம் தெரியாது. உன் அப்பா தன் கையிலிருந்த பட்டியலில் அந்த வரியைத் தேடிக் கண்டுபிடித்து அழகாக ஒரு டிக் அடித்தார். மணிகண்டன் விரலில் மை வைத்தார்கள், சீட்டு வாங்கினான், குத்தினான், போட்டான், போனான். நானும் வாயைத் திறக்கவில்லை. அதை மறைக்கப் போவதில்லை. ஊர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பேசாமல் நின்றுவிட்டு, என் ஓட்டை ஆட்டோவில் குத்திவிட்டு வீட்டுக்கு வந்து குழம்பு வைத்தேன். குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். அப்பா உப்பைக் கேட்காமலே சாப்பிட்டார், இதில் இவர் கையும் இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

எண்ணிக்கை முடிந்தது. அழகுராஜா நூற்று நாற்பத்து மூன்று, பிலோமி நூற்று நாற்பத்து இரண்டு. மறுபடி எண்ணினார்கள், அதேதான். வேட்டு வெடித்தார்கள், நம் ஆடு பயந்து கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி கருவேலங்காட்டில் கிடந்து மறுநாள்தான் அகப்பட்டது. அதற்கு நாலாம் நாள் பிலோமி வந்தாள். சண்டைக்கு வரவில்லை, சர்க்கரை வாங்க வந்தவள் போல வந்து நின்றாள். அக்கா, தோத்தது எனக்கு ஒண்ணும் பெருசில்ல, ஐயாவ எத்தன நாளு இந்தக் கையால தொடச்சு விட்டிருக்கேன், அவுக பேரச் சொல்லி இன்னொருத்தன் மை வச்சுட்டுப் போயிருக்கான், அதத்தான் பொறுக்க முடியல என்றாள். சர்க்கரைக்கு உண்டானதைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தது. அழகுராஜா தரப்பில் உன்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இறந்தவர் பேரன், பட்டியலே சொல்கிறது, சான்றிதழும் இருக்கிறது, தாத்தா ஓட்டுப் போட்டால் என்ன தப்பு என்கிறார்கள். அதற்குத்தான் நீ உயிரோடு இருக்கிற காகிதம் வேண்டியிருக்கிறது.

பிலோமி வந்துபோன அன்றே பூஜை அலமாரியைத் திறந்து தாத்தாவின் அட்டையைத் தேடினேன். குடும்ப அட்டை இருந்தது, அவர் மூக்குப்பொடி டப்பாகூட இருந்தது, அந்த அட்டையைக் காணோம். அப்பாவிடம் கேட்டேன். அழகுராஜா கேட்டாராம், சேக்காளி கேட்டதை இல்லை என்று சொல்ல முடியவில்லையாம், கொடுத்துவிட்டாராம். அதோடு நிறுத்தியிருந்தாலும் போகிறது என்று விட்டிருப்பேன். எங்கப்பா இருந்திருந்தா அழகுராஜாவுக்குத்தான் போட்டிருப்பாக, அவுக ஓட்டு போக வேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு என்று வியாக்கியானம் வேறு. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த அலமாரிச் சாவியைத் தூக்கி எறிந்தேன், அது அரிசி மூட்டைக்குப் பின்னால் விழுந்து இரண்டு நாள் சாமிக்கு விளக்கே இல்லை.

பிலோமியின் வக்கீல் அருப்புக்கோட்டையில் காளீஸ்வரன் என்று ஒருவர். போன திங்கட்கிழமை நானாகப் பஸ் ஏறிப் போய், என் மாமனார் இறந்ததற்கு நான் சாட்சி, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இறந்தவர் பெயர் என்ன என்று கேட்டார். நான் சான்றிதழைத் தொட்டுக் காட்டினேன். வாயால சொல்லணும்மா, இது சத்தியம் பண்ணிக் கொடுக்கிற பத்திரம் என்றார். உனக்குத் தெரியும், மாமனார் பெயரை நான் சொல்வதில்லை. அந்தப் பெயரை உனக்கு வைத்ததால் தொட்டிலில் கிடந்தபோதிருந்து உன்னை ராசு என்றுதான் கூப்பிட்டேன், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் அப்பாதான் பெயர் சொன்னார். கல்யாணமாகி வந்த முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அங்கே, முன்பின் தெரியாத ஆம்பளைகள் நாலு பேர் முன்னால் தனுஷ்கோடி என்று சொன்னேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருக்கும்போது என் கையைப் பிடித்தபடியே உயிர் போனது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அட்டை யார் கையிலிருந்து போனது என்று வக்கீல் கேட்டார். அதை வீட்டுக்காரர் வந்து சொல்வார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவரை வரச் சொல்லியிருக்கிறார். ஆள்மாறாட்டத்துக்குத் துணைபோனதாக அப்பாமேல் வழக்கு வரலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். இவ்வளவு நாளாகச் சொல்லாத இன்னொன்றையும் சொன்னேன். ஒருநாள் பிலோமி குழாய் மாற்றிவிட்டுப் போனதும் தாத்தா என்னைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை எதுலயாச்சும் நின்னா என்னையத் தூக்கிட்டுப் போயாவது போட வச்சிரு தாயி என்றார். சும்மா பேச்சு என்று அப்போது நினைத்தேன். அப்பா அதைக் கேட்டதும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பாடு இல்லை, கடையில் துவரம்பருப்பு கேட்டவருக்குக் கடலைப்பருப்பைக் கட்டிக் கொடுக்கிறார். ஜெயில்ல போட்டா என்ன செய்வ என்று நேற்றுக் கேட்டார். சோறு கொண்டுக்கிட்டு வாரேன் என்றேன். எனக்கும் பயம்தான் தம்பி, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அழகுராஜா இப்போது கடைப் பக்கம் வருவதில்லை, அவர் தெருவில் இருக்கிறவர்கள் சீயக்காய்கூட வீரசோழன் ஊர் வரைக்கும் போய் வாங்கி வருகிறார்கள்.

ப்ரியாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மாடிப்படி ஏற விடாதே, ஏசியை முகத்துக்கு நேரே வைக்காதே. பையன் பிறந்தால் வழக்கப்படி அப்பா பெயரைத்தான் வைக்க வேண்டும், காசிராஜன். நான் உயிரோடு இருக்கும்வரை அது வேண்டாம். அசோக் என்று வை, உதயகுமார் என்று வை, நம் குடும்பத்தில் யாருக்குமே இல்லாத பெயராகப் பார்த்து வை, நாளைக்கு ஒருவன் செத்தால் அவன் மட்டும் சாகட்டும். தூதரகத்துக் காகிதத்தை மறந்துவிடாதே, அதில் உன் பிறந்த தேதி இருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். நீயும் ப்ரியாவும் நீண்ட ஆயுசோடு, நோய்நொடி இல்லாமல், பிள்ளை குட்டியோடு நல்லா இருக்க வேண்டும். நாளைக்கு அப்பா டவுனுக்குச் சரக்கு எடுக்கப் போகிறார், அவர்தான் தபாலில் சேர்க்க வேண்டும். உறையை ஒட்டாமல்தான் கொடுக்கிறேன், படிக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுந்தராம்பாள்

தம்பி, அம்மா எழுதியதில் ஒன்று தவறு. அழகுராஜா அட்டையைக் கேட்கவில்லை. நானாகத்தான் அவன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வக்கீலிடமும் இப்படியே சொல்வேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

த. காசிராஜன்